திரும்பி வருவீர்களா?

எண்பதுகளில் வெளிநாட்டுச் சுற்றுலா என்று யாராவது எங்கள் அலுவலகப் படியேறினால், அவரிடம் முதலில் கேட்பது டாலருக்கு என்ன வழி செய்திருக்கிறீர்கள் என்றுதான். விசாவைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம் வரும், சில நேரம் வராமலே போகும். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த சின்ன டிராவல்ஸ் அது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். டிக்கெட் என்றால் சிவப்புக் கார்பன் பூசிய பல தாள்கள் கொண்ட ஒரு சிறு புத்தகம். விமானக் கம்பெனிக்குச் செய்தி டெலெக்ஸில் போகும்.

சுற்றுலா போகிறவருக்கு ரிசர்வ் வங்கி அனுமதித்த அன்னியச் செலாவணி 500 டாலர். அதையும் ஒரு முறை வாங்கிவிட்டால் அடுத்த முறைக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் போனவர்கள் 8 டாலரைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிய கதையை எங்கள் வாடிக்கையாளர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். தி.நகரில் இரண்டு வீடு வைத்திருந்தவர்கூட லண்டனில் இருக்கும் மைத்துனர் சோறு போடுவார் என்ற நம்பிக்கையில்தான் கிளம்பினார். பணம் இருந்தது, கொண்டுபோக அனுமதி இல்லை.

பாஸ்போர்ட் அதைவிடப் பெரிய பாடு. கையால் எழுதிய புத்தகம். எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும் என்று உள்ளே குறித்திருப்பார்கள். இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது. வெளிநாடு போவது குடிமகனின் உரிமை என்பதே நமக்கு 1967-ல்தான் உறுதியானது. சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சுப்ரீம் கோர்ட், அந்த உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு பாஸ்போர்ட் சட்டமும் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் போலீஸ் விசாரணைக்காகவும் தபால்காரருக்காகவும் மாதக் கணக்கில் காத்துக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். போதிய படிப்பில்லை என்று அரசு கருதியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வுச் சோதனை உண்டு. மகனைப் பார்த்துவிட்டு வரப் போகும் கிராமத்துத் தாயாருக்குக்கூட, வேலைக்குப் போகவில்லை என்று சொல்லி, அந்தச் சோதனையை நிறுத்திவைக்கும் 'சஸ்பென்ஷன்' முத்திரை வாங்கித் தர வேண்டியிருந்தது. ரிட்டர்ன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முத்திரை தரும் அலுவலக வராந்தாவில் அவர்கள் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும்.

விசா அந்த நாட்களில் எல்லா நாட்டுக்கும் பெரிய தடையாக இருந்ததில்லை. பிரிட்டனுக்குச் சும்மா பார்க்கப் போகும் இந்தியருக்கு 1986 வரை முன்கூட்டியே விசா வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஹீத்ரோவில் இறங்கி, அதிகாரி கேட்பதற்குப் பதில் சொல்லி உள்ளே போகலாம். அந்த ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் உள்ளிட்ட ஐந்து நாட்டவருக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தார்கள். விதி அமலுக்கு வருவதற்குள் போய்விட வேண்டும் என்று கிளம்பிய கூட்டத்தில் ஹீத்ரோ திணறிப்போனது. அதற்கும் முந்தைய காலத்தை எங்கள் தாத்தா சொல்வார். அவர் ராமநாதபுரம் பக்கம். எழும்பூரிலிருந்து வரும் ரயிலில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடித்தால் கொழும்பு. 1914-ல் தொடங்கிய அந்த போட் மெயிலில் பல காலம் பாஸ்போர்ட் இல்லாமலே போய் வந்தார்கள். இலங்கை தன் குடிவரவுச் சட்டத்தை 1948-ல் இயற்றி, 1949 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாஸ்போர்ட், விசா என்ற பேச்சே எங்கள் ஊர்ப்பக்கம் எழுந்தது. அங்கே கடை வைத்திருந்தவர்கள் தங்கள் கடைக்கே அனுமதி கேட்டுப் போக வேண்டியதாயிற்று.

இப்போது நம் பக்கத்து வேலிகள் எல்லாம் இறங்கிவிட்டன. ஒரு நிதியாண்டுக்கு ஒருவர் 2,50,000 டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் அரை நாளில் வேலை முடிகிறது. அந்த வேலிகளின் இடத்தில் விசா வந்து நிற்கிறது. அன்று பணத்தைக் கொண்டுபோக விடவில்லை. இன்று பணம் இருப்பதைக் காட்டாமல் போக முடியவில்லை. ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், மூன்று வருட ஐ.டி. ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, லீவு கொடுத்ததற்கு ஆபீஸ் கடிதம், ஹோட்டல் புக்கிங், நாள்வாரியாகப் பயணத் திட்டம், இன்ஷூரன்ஸ் என்று ஒரு ஃபைல் தடிமனாகிக்கொண்டே போகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெரு முழுக்க இந்த ஃபைலோடு என்னிடம் வருகிறார்கள். நானும் சலிக்காமல் பார்த்துக் கொடுக்கிறேன்.

அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். இத்தனை தாளும் ஒரே கேள்விக்குப் பதில்: திரும்பி வருவீர்களா? அமெரிக்கச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுற்றுலா விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் அது முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. அதன் கீழ் மறுத்தால் அப்பீல் கிடையாது. மறுபடி 185 டாலர் கட்டி, மறுபடி ஜெமினி பக்கம் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் போய் நிற்க வேண்டியதுதான். ஷெங்கன் விசாவில் மறுப்புக்கான காரணத்தை ஒரு அச்சடித்த படிவத்தில் டிக் செய்து கொடுப்பார்கள். அங்கும் அடிக்கடி விழும் டிக், பயணத்தின் நோக்கம் தெளிவாக இல்லை, திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லை என்ற வரிகளுக்குத்தான். கட்டிய 90 யூரோ திரும்பாது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் ஒரு டீச்சரை, தங்கிவிடுவாரோ என்ற சந்தேகத்தோடு பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் விதி அப்படி இருக்கும்போது அதைத் தெரிந்துகொண்டு போவதுதான் நம் மரியாதையைக் காக்கும்.

மேல் வீட்டுத் தம்பி கல்யாணமாகி மூன்றாவது வருடம் மனைவியோடு ஐரோப்பா போகத் திட்டமிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைலோடு இறங்கி வந்தார்.

“ஆன்ட்டி, பேங்க்ல எவ்வளவு காட்டணும்? அப்பாகிட்ட அஞ்சு லட்சம் வாங்கிப் போட்டுடட்டுமா?”

“போடாதப்பா. மாசாமாசம் உன் சம்பளம் வர்றதும், அதுல நீ செலவு பண்றதும், கொஞ்சம் மிச்சம் நிக்கறதும் தெரிஞ்சா போதும். திடீர்னு வந்து உக்காந்த பணத்தைப் பாத்தா இது யாரோடதுன்னுதான் யோசிப்பாங்க.”

“ஏஜென்ட் போடச் சொல்றாரே?”

“அப்பா உதவறாருன்னா அப்பா பேர்லயே ஸ்பான்சர் லெட்டர் வை. அவரோட ஸ்டேட்மென்டையும் சேத்து வை. உண்மை அதுதானே?”

விசா வந்த அன்று அந்த ஸ்டிக்கரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இருவருமாகப் படித்தோம். அதில் 'முதல்', 'வரை' என்று இரண்டு தேதிகள். இடையில் 27 நாள். பக்கத்துக் கட்டத்தில் தங்கும் நாட்கள் 12. இன்னொரு கட்டத்தில் எத்தனை முறை நுழையலாம் என்பதற்கு 01. பலர் அந்த இரண்டு தேதிகளை மட்டும் பார்த்துவிட்டு 27 நாளும் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இருக்கலாம் என்பது 12 நாள்தான். அந்த 12 நாளை இந்த 27-க்குள் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. விமானம் தள்ளிப்போனால் சமாளிக்கத்தான் அந்தக் கூடுதல் நாட்கள்.

அந்த 01-தான் அவரை யோசிக்க வைத்தது. விசா வந்த சந்தோஷத்தில், பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு நாள் லண்டன் போய்விட்டுப் பாரிஸுக்கே திரும்பி விமானம் ஏறலாம் என்று புதிதாக ஒரு திட்டம் போட்டிருந்தார். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. லண்டனுக்கு ரயிலேறிய நிமிடம் ஒரு நுழைவு முடிந்துவிடும். மறுபடி பாரிஸுக்குள் விடமாட்டார்கள். பிரிட்டனுக்குத் தனி விசாவும் வேண்டும். கடைசியில் அந்த விசாவையும் வாங்கி, லண்டனைப் பயணத்தின் முடிவில் வைத்து, அங்கிருந்தே சென்னைக்கு டிக்கெட்டை மாற்றிக்கொண்டார்கள். கூடுதல் செலவுதான். ஆனால் எல்லையில் நின்று அழ வேண்டியிருக்கவில்லை.

ஷெங்கன் என்பது லக்ஸம்பர்கில் உள்ள ஒரு சின்ன கிராமம். 1985-ல் ஐந்து நாடுகள் அங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்று 29 நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து இதில் உண்டு. ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து இதில் இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்லாட் சீக்கிரம் கிடைக்கிறது என்று வேறு நாட்டில் போடுவதும், போகாத ஊருக்கு ஹோட்டல் புக் செய்து காட்டுவதும் ஆபத்து. மொத்தத்தில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும்.

அமெரிக்கா போகும் பெற்றோருக்கு வேறு குழப்பம். விசாவில் பத்து வருடம் என்று இருக்கும். அது எத்தனை வருடம் வரை அங்கே போய்க் கதவைத் தட்டலாம் என்பதற்கான கணக்கு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்து அதிகாரிதான் ஐ-94 பதிவில் குறிப்பார், பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி தாண்டி இருந்தால் பத்து வருட விசாவே செல்லாமல் போய்விடும். இறங்கின வாரமே அந்தப் பதிவை அமெரிக்கச் சுங்கத் துறையின் தளத்தில் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவேன்.

எல்லாவற்றையும்விட நம்மவர்களை அதிகம் படுத்துவது பெயர். எண்பதுகளில் இனிஷியலோடு டைப் அடித்துக் கொடுத்தால் போயிற்று. இன்றைய படிவம் சர்நேம் கேட்கிறது. நமக்கு ஏது சர்நேம்? ஆறுமுகத்தின் மகன் முருகன். அவருடைய சர்நேம் ஆறுமுகம். முருகனின் மனைவிக்குச் சர்நேம் முருகன். மகள் செல்விக்கும் முருகன். ஒரே குடும்பம், எல்லைக் காவலரிடம் போய் நிற்கும்போது கணவருக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கும் மகளுக்கும் வேறொன்று. கல்யாணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் பையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

சில பாஸ்போர்ட்டுகளில் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். அவர்களுக்கு அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயரைச் சர்நேமாக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் இருக்கும்போது தெரியவில்லை என்று அச்சிட்டு வருகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். துபாய்க்கு அதிகம் போகும் நம் ஊர்க்காரர்களில் எத்தனையோ பேருக்கு அந்த வாரம் தூக்கமில்லை. பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே பெயர் இது, இனிஷியலின் விரிவு இது என்று முடிவு செய்து, பள்ளி, ஆதார், பான், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்துவிடுங்கள். டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

விசா வேண்டாம் என்று சொல்லும் நாடுகளுக்கும் விதி இல்லாமல் இல்லை. தாய்லாந்தும் மலேசியாவும் 2023 கடைசியில் இந்தியருக்கு விசாவைத் தள்ளுபடி செய்தன. ஆனால் ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிடம், செலவுக்குப் பணம் எல்லாம் கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு உரிமை உண்டு. இத்தகைய தள்ளுபடிகள் மாறிக்கொண்டே இருக்கும், எனவே டிக்கெட் போடும் வாரத்தில் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போகுமுன் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். மூன்றுமே இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளின் நிபந்தனை. கென்யா சஃபாரிக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் நம் நாட்டிலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

இடையில் விமானம் மாறும் ஊருக்கும் விசா தேவைப்படலாம். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு கம்பெனியில் தனித்தனி டிக்கெட் எடுத்தால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். பெட்டியை எடுக்க இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டும், தாண்ட விசா வேண்டும். சென்னை கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது.

இனி நான் சொல்லப்போவது என் மனத்தை அதிகம் அறுப்பது. எங்கள் காலத்தில் சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொண்டவர்கள் இருந்தார்கள்; சிலர் பிழைத்தார்கள், பலர் கடனோடு திரும்பினார்கள். இப்போது நடப்பது அதைவிடக் கொடியது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம், முதலில் டூரிஸ்ட்டாகப் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி நம் பையன்களை அழைத்துப்போய், எல்லை கடத்தி, மியான்மரின் மியாவாடி பக்கம் அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, பட்டினி. 2022-ல் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதை. சுற்றுலா விசாவில் வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், மாட்டிக்கொண்டவன் போலீஸிடம் போகவும் பயப்படுகிறான். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

ஆகவே, வீட்டில் யாராவது வெளிநாட்டு வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவைக் காட்டினால், தயவு செய்து அனுப்பாதீர்கள். அழைத்துப்போகும் ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையைக் கேளுங்கள். உண்மையிலேயே சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஏஜென்ட் நிரப்பிய படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்களே படியுங்கள். அவர் சேர்த்த பொய்க் காகிதத்துக்குப் பிரிட்டன் பத்து வருடம் வரை தடை போடுவது உங்கள் பெயரில்தான். அமெரிக்கா நிரந்தரமாகக் கதவடைத்தாலும் அதுவும் உங்கள் பெயரில்தான். படித்து, சரி என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.